மூடிக் கிடக்கிற பழைய மில்லில் வைத்த கேமராவில் ராத்திரி ஏதோ நடமாடுகிறது – பேயா, கேமரா கோளாறா?

சூலூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இதைக் கேட்கவே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சிரிக்கிறவர்கள் முதலில் சிரித்து முடித்துவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.

கோவைக்குக் கிழக்கே ஒரு பழைய ஸ்பின்னிங் மில், பெயர் வேண்டாம். நீலகிரிப் பைக்காரா நீர்மின் நிலையக் கரண்ட் வந்தபின் 1930களில் வரிசையாக எழும்பிய மில்களில் ஒன்று. மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. மிஷின்களில் பாதியை விற்றுவிட்டார்கள், மீதி ரிங் பிரேம்கள், அதாவது நூல் நூற்கிற மிஷின்கள், துருப்பிடித்து வரிசையாக அப்படியே நிற்கின்றன. எங்கள் பெரிய மாமா போன வருடம் இதில் பழைய கோன் வைண்டிங் (நூலைக் கூம்பில் சுற்றுகிற) டிபார்ட்மென்ட்டை மட்டும் குடோனுக்காக வாடகைக்கு எடுத்தார். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டார்கள் என்று நாலு கேமரா போட்டோம். போனில் ஆப் போட்டுக் கொடுத்தது நான். அதில் மூன்றாம் நம்பர் கேமரா, குடோன் கதவுக்கு மேலே இருந்து பக்கத்து ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டை நீளமாகப் பார்க்கிறது. அந்தப் பக்கம் எங்களுடையது இல்லை, கரண்டும் கிடையாது, கும்மிருட்டு.

பிரச்சினை இந்த மூன்றாம் நம்பரில்தான். மாமா மகள் ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதந்து போவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அன்றைக்குப் பிடித்த சனி. பாஸ்வேர்டு எல்லோருக்கும் போய்விட்டது. இப்போது பதினான்கு பேர் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஐபிஎல் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து மில்லைப் பார்க்கிறோம். சென்னையில் இருக்கும் சித்தி ஒருத்தர், சீரியல் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இதுவரை பார்த்தது இவ்வளவு. உருண்டைகள் தினமும் வரும், சில சமயம் ஒன்று, சில சமயம் பத்துப் பதினைந்து, கேமராவை நோக்கி வந்து சட்டென்று விலகும். அப்புறம் மேலே இருந்து வெள்ளையாக ஒரு துணி மாதிரி, கயிறு மாதிரி, தொங்கி ஆடும், காலையில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இந்த இரண்டும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. இந்த மாதத்தில் மூன்று தடவை, ராத்திரி இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவில், அந்தக் கடைசியில் இருக்கிற தூண் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் உருவம். நடக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற ரிங் பிரேம் அதன் உடம்பு வழியாகவே தெரிகிறது! கண்ணாடி மாதிரி. காலடியில் தரையில் லேசாக ஒரு வெளிச்சம். பத்துப் பன்னிரண்டு நொடி, அப்புறம் கரைந்துபோய்விடும். சுற்றிலும் வால் மாதிரி ஒரு புகை வேறு.

வாட்ச்மேனைக் கேட்டால், "ராத்திரியிலே நான் அந்தப் பக்கம் போறதில்லைங்க, கால் கூசுது" என்கிறார். ஒரு பெண்ணுக்குத் தலைமுடி பெல்ட்டில் மாட்டி அங்கே உயிர் போயிற்று, ஏழாம் நம்பர் பிரேம், என்று கதையும் சொல்கிறார். கேமரா விஷயம் தெரிந்தவர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாமா குடோனைக் காலி செய்துவிடலாமா என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.


வடைமாலை:

தலைவா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பேய் எதற்குக் கீழே பார்த்து டார்ச் அடிக்கிறது? கால் இடறிவிடும் என்றா?


சிசிடிவி சித்தன்:

பதினொரு வருடமாகக் கேமரா மாட்டுகிற வேலை. மில், ரைஸ் மில், கோழிப்பண்ணை, கல்யாண மண்டபம் எல்லாம் பார்த்தாயிற்று. பேய்க்காகவே என்னைக் கூப்பிட்டது இதுவரை ஆறேழு வீட்டுக்காரர்கள். அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதலில் உருண்டை. உங்கள் கேமராவில் லென்ஸைச் சுற்றியே சின்னச் சின்ன ஐஆர் (அகச்சிவப்பு) லைட் இருக்கும். அது 850 நானோமீட்டர் வெளிச்சம், நம் கண்ணுக்குத் தெரியாது, கிட்டே போய்ப் பார்த்தால் சிவப்பாக ஒரு மினுக்கு மட்டும் தெரியும். இருட்டினதும் கேமரா கலரை விட்டுவிட்டு இந்த வெளிச்சத்தில் கருப்பு வெள்ளையாகப் பார்க்கும். மார்கழிப் பனியில் பைக்கில் ஹைபீம் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்களா? ரோடு தெரியாது, முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதே கதைதான் இங்கேயும். லென்ஸுக்கு நாலு விரல் தூரத்தில் ஒரு துளி பஞ்சு பறந்தால் போதும். லைட்டுக்கு மிகக் கிட்டே இருப்பதால் பளீரென்று வெளுக்கும், ஃபோகஸுக்கு வெளியே இருப்பதால் ஊதி வட்டமாகத் தெரியும். அது இரண்டு மில்லிமீட்டர் தூசு என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, இருபதடி தள்ளி ஃபுட்பால் மிதக்கிற மாதிரி இருக்கும். அதுவும் ஸ்பின்னிங் மில்! எண்பது வருடப் பஞ்சு உத்தரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், காற்று கொஞ்சம் அசைந்தால் போதும், கொட்டிக்கொண்டே இருக்கும்.

சோதித்துப் பாருங்கள். கேமராவின் சொந்த ஐஆரை செட்டிங்கில் அணைத்துவிட்டு, தனியாக ஓர் ஐஆர் இல்யூமினேட்டர் (ஐஆர் லைட் மட்டும்) வாங்கிப் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் மாட்டுங்கள். அன்றைக்கே உருண்டைகள் காணாமல் போகும். தொங்குகிற வெள்ளைக் கயிறு நூலாம்படை, சந்தேகமே வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை ஆடினால் புடவைத் தலைப்பு மாதிரி இருக்கும். காலையில் ஏன் இல்லை என்றால், பகலில் ஐஆர் எரியாது, அதனால் தெரியாது, அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை துடைப்பத்தால் தட்டிவிடச் சொல்லுங்கள்.

இப்போது மூன்றாவது. இதை நிதானமாகப் படியுங்கள்.

இருட்டில் கேமராவுக்கு வெளிச்சம் போதாவிட்டால் படம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி புள்ளி விழும். அதை மறைக்கக் கேமராவுக்குள்ளேயே ஒரு வேலை நடக்கும், செட்டிங்கில் 3டி டிஎன்ஆர் என்று போட்டிருப்பார்கள். இப்போது எடுத்த படத்தையும் அதற்கு முன்னால் எடுத்த சில படங்களையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கும். அசையாத சுவர், தூண், மிஷின் எல்லாம் இதில் சுத்தமாக வரும். அசைகிற பொருளுக்குத்தான் கேடு. ஓர் ஆள் நடந்துபோனால், அவர் அங்கே நின்ற படமும் அவர் வருவதற்கு முந்தின வெறும் படமும் கலந்துபோகும். உடம்பு பாதி, பின்னால் இருக்கிற மிஷின் பாதி. கூடவே பின்னால் ஒரு வால். ராத்திரியில் ஷட்டரும் தானாக மெதுவாகிவிடும், ஒவ்வொரு படத்திலும் ஆள் இழுபட்டுத்தான் விழுவார். நின்றால் கெட்டியாவார், நடந்தால் கண்ணாடியாவார். எங்கள் தொழிலிலேயே இந்தக் கோளாறுக்குப் பெயர் கோஸ்டிங்தான், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆகவே உருண்டையையும் கயிற்றையும் மறந்துவிடுங்கள். கவலைப்பட வேண்டியது அந்த உருவத்துக்குத்தான், ஏனென்றால் நீங்கள் சொல்கிற அடையாளமெல்லாம் பார்த்தால் அது பேய் இல்லை, ஆள். மூச்சு விடுகிற, செருப்புப் போட்ட ஆள். வடைமாலை விளையாட்டாகக் கேட்டது சரியான கேள்வி. கீழே தெரிந்தது போன் வெளிச்சம், கையால் பொத்திக்கொண்டு அடித்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். உருவம் ஒவ்வொரு தடவையும் அதே தூண் பக்கம்தானா? மோஷன் அலர்ட் ஆன் செய்து வைத்திருக்கிறீர்களா?


சூலூர்க்காரன்:

சித்தன் அண்ணா, ரொம்ப நன்றி. தூண், ஆமாம், மூன்று தடவையும் அதே தூண், அதற்கு இடது பக்கம். அலர்ட் ஆஃப். முதல் வாரத்தில் ஒரு ராத்திரிக்கு இருநூறு அலர்ட் வந்தது, எல்லாம் அந்த உருண்டைக்கு. மாமா போனைத் தூக்கி எறியாத குறை. நான்தான் அணைத்து வைத்தேன். இதைப் படித்த பிறகு வயிற்றில் என்னமோ செய்கிறது.


முழுநைட்டு:

தம்பி, நான் 1974ல் டாஃபராக (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றுகிறவன்) உள்ளே போய் ஃபிட்டராக வெளியே வந்தவன், முப்பத்தொரு வருடம், மூன்று மில். பெரும்பாலும் முழு நைட்டு ஷிப்டுதான். அதனால்தான் இந்தப் பெயர்.

அந்தப் பெண் கதையைச் சொல்கிறேன். முடி பெல்ட்டில் மாட்டியது, ஏழாம் நம்பர் பிரேம், நான் வேலை பார்த்த மூன்று மில்லிலும் இதே கதையைக் கேட்டேன், மூன்றிலும் ஏழாம் நம்பர்தான். புதிதாக வருகிற பையன்கள் ராத்திரியில் பிரேமுக்குப் பின்னால் பஞ்சு மூட்டை மேல் படுத்துத் தூங்காமல் இருக்க மேஸ்திரிகள் கட்டிவிட்டது என்று எங்கள் செட்டில் சொல்லிக்கொள்வோம். ஆனால் பொய் என்று ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன். அந்தக் காலத்தில் தலைக்கு மேலே ஷாஃப்ட் ஓடும், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். முந்தானை, முடி, விரல், எது மாட்டினாலும் மாட்டியதுதான். ஆள் போனதைக் கண்ணால் நான் பார்த்ததில்லை. விரல் போனதைப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கு இரண்டு விரல், அவர் மறுவாரமே சீட்டு விளையாட வந்துவிட்டார்.

சித்தன் சொன்ன பஞ்சுத்தூசு பற்றி. வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியாது. பஞ்சைப் பிரிக்கிற புளோ ரூமிலும் அதைச் சிக்கெடுக்கிற கார்டிங்கிலும் எதிரே நிற்கிற ஆள் வெள்ளையாக மறைந்துபோவான். ஷிப்ட் முடிந்து வந்தால் புருவம், மூக்கு முடி, காது எல்லாம் வெள்ளை, ஊர்ப் பிள்ளைகள் எங்களைப் பஞ்சுப்பேய் என்றுதான் கூப்பிடும்! ஞாயிறு லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சைப் பிடிக்கும், மூச்சு இழுக்கும், செவ்வாய் கொஞ்சம் தேவலாம். டாக்டர்கள் அதற்குப் பைசினோசிஸ் என்று பெயர் சொல்வார்கள், எங்களுக்குத் திங்கட்கிழமை இழுப்பு. எங்கள் செட்டில் பாதிப் பேரைக் கொண்டுபோனது அதுதான், பேய் இல்லை. அந்தத் தூசுதான் இன்னும் உங்கள் கேமராவில் பறக்கிறது என்று படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, கத்தல் கேட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கேமராவில் மைக் இருந்து சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பழைய மில் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும், வடக்கு வெளிச்சம் வர வைத்த கண்ணாடி, அதில் நாலு உடைந்தால் கூகை ஆந்தை குடியேறிவிடும். வெள்ளை மூஞ்சி, இறக்கை அடிக்கிற சத்தமே வராது, ஆனால் வாயைத் திறந்தால் பெண் அலறுகிற மாதிரி இருக்கும். எங்கள் மில்லில் அரை நைட்டு ஷிப்ட் முடிந்து போன கிளார்க் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

தூணுக்கு இடது பக்கம் என்கிறீர்கள். பழைய மில் கட்டடங்களில் ஸ்பின்னிங்கின் கடைசியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். பகலில் போய்ப் பாருங்கள், தனியாகப் போக வேண்டாம்.


ஈரோட்டம்மிணி:

எல்லாவற்றுக்கும் மிஷினைக் கைகாட்டுகிறீர்கள், சரி, இருக்கட்டும். எனக்குப் பேய் நம்பிக்கை உண்டு, அதைச் சொல்ல வெட்கம் இல்லை. எங்கள் ஆத்தாளும் மில்லுக்குப் போனவர்தான், கோன் வைண்டிங். ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள், எங்களையும் கூட்டிப் போவார்.

நான் சொல்ல வந்தது வேறு. அங்கே ஒருத்தி உண்மையிலேயே செத்திருந்தால், அவள் வயிற்றுப்பாட்டுக்கு வேலைக்கு வந்து செத்தவள். அவளைப் பதினான்கு பேர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனில் வேடிக்கை பார்ப்பதா? இல்லவே இல்லை என்று நம்புகிறவர் பார்க்கட்டும், இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டே பார்க்கிறீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு விளக்கைப் போட்டுவிட்டுக் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பி வையுங்கள்.


டைன்கரை:

நான் இங்கிலாந்தில் நியூகாசிலில் நர்ஸாக இருக்கிறேன். இந்தத் திரியைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு, ஏனென்றால் இங்கே பக்கத்திலேயே மில்லில் பேய்க்குக் காவல் இருந்த கதை ஒன்று பிரசித்தம். கேமரா எல்லாம் இல்லாத காலம்.

டைன் ஆற்றங்கரையில் வில்லிங்டன் என்ற இடம், அங்கே நீராவியில் ஓடிய ஒரு மாவு மில். மில்லை ஒட்டிய வீட்டில் ஜோசப் பிராக்டர் என்பவர் குடும்பத்தோடு இருந்தார், குவேக்கர் கிறிஸ்தவர், பொய் சொல்லவோ குடிக்கவோ மாட்டார் என்று பெயர் எடுத்தவர். 1830களில் இருந்து காலடிச் சத்தம், தட்டல், உருவம் என்று ஒரே தொல்லை, அவரே டைரி எழுதி வைத்திருக்கிறார். எட்வர்ட் டிரூரி என்று ஒரு மருத்துவர், இதையெல்லாம் நம்பாதவர், நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். 1840 ஜூலை 3. கைத்துப்பாக்கி வேறு எடுத்துக்கொண்டு, துணைக்கு ஒரு நண்பரோடு மாடிப் படி முகப்பில் உட்கார்ந்தார். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தாராம், ஓர் அலமாரிக் கதவு திறந்தது, சாம்பல் நிற உடையில் ஒரு பெண். பாய்ந்தார், நண்பர் மேலேயே விழுந்தார், மயங்கினார். வேடிக்கை என்ன தெரியுமா, அந்த நண்பர் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். பிராக்டர் குடும்பம் 1847ல் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. இன்றைக்கும் ரயில் அந்த இடத்து ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது எட்டிப் பார்ப்பேன்.

உங்கள் மாதிரி இணையத்தில் பார்ப்பதும் பழசுதான். கேம்பிரிட்ஜில் காபி பானையில் காபி இருக்கிறதா என்று பார்க்க வைத்த கேமரா 1993ல் வலைக்கு வந்தது. ஆறே வருடம், 1999ல் அமெரிக்காவின் இண்டியானாவில், எவான்ஸ்வில் ஊரில் இருக்கும் வில்லர்ட் நூலகத்தில் பேய் பார்க்கவே கேமரா வைத்துவிட்டார்கள்! அங்கே சாம்பல் நிறச் சீமாட்டி ஒருத்தி உலவுகிறாள் என்று 1937ல் இருந்து பேச்சு. உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள், புத்தக அலமாரி நிழலில் முகம், நாற்காலி ஓரத்தில் கை என்று. என் ரூம்மேட் ஒருத்தி பரீட்சைக்குப் படிக்கும்போது இந்தக் கேமராவை ஓரத்தில் திறந்து வைத்துக்கொள்வாள். துணைக்கு என்பாள்.

நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்களுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. விக் டாண்டி என்பவர் கோவென்ட்ரியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது கண்ணின் ஓரத்தில் சாம்பல் உருவம் தெரிந்ததாம், உடம்பு சில்லிட்டதாம். தேடிப் பார்த்தால் புதிதாக மாட்டிய ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், காதுக்குக் கேட்காத அளவில், நொடிக்குப் 19 அதிர்வு கொடுத்துக்கொண்டிருந்தது. 1998ல் கட்டுரையாக வந்தது. அதுதான் காரணம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படியும் உங்களுக்கு அது உதவாது, மூடின மில்லில் ஃபேன் ஏது, சென்னைச் சித்தி வீடு வரைக்கும் அதிர்வு எப்படிப் போகும்? சித்தன் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.


வடைமாலை:

டிரூரிக்குத் துணை போய்த் தூங்கின நண்பர்தான் என் ஜாதி.


சூலூர்க்காரன்:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சித்தன் அண்ணா சொன்ன மாதிரி சோதனை. நானும் மாமா மகனும் வாட்ச்மேனும் போனோம். ஐஆரை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் தனி லைட் போட்டோம், உருண்டை ஒன்று கூட இல்லை. குரூப்பில் பத்து நிமிடம் மௌனம், சித்திக்கு ஏமாற்றம். அப்புறம் லைட்டை மாற்றிப் பழைய மாதிரியே வைத்துவிட்டு, நான் கடைசித் தூண் வரைக்கும் நடந்து திரும்பினேன். குரூப்பில் சொல்லிவிட்டுத்தான் நடந்தேன், ஆனால் சொன்னதைப் படிக்காத அத்தை ஒருத்தர் "வந்துருச்சு வந்துருச்சு" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். அதே கண்ணாடி உடம்பு, அதே வால், தொப்பை வழியாக ரிங் பிரேம் தெரிகிறது. தொப்பையை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார்கள்.

சனிக்கிழமை காலையில் மில் ஓனரின் ஆளையும் கூட்டிக்கொண்டு தூணுக்கு இடது பக்கம் போனோம். முழுநைட்டு ஐயா, நீங்கள் பூடகமாகச் சொன்னதுதான். கரண்ட் போர்டுகள் இருக்கிற பேனல் ரூம். கதவில் பூட்டு தொங்கியது, ஆனால் தாழ்ப்பாளை மரத்தோடு பெயர்த்து மறுபடி ஒட்டவைத்த மாதிரி நிறுத்தியிருந்தார்கள், கை பட்டதும் பூட்டோடு கீழே விழுந்தது. உள்ளே இரண்டு பேனல் போர்டில் கரண்ட் போகிற செம்புப் பட்டை, பஸ்பார், ஒன்று கூட இல்லை. தரையில் கேபிள் போகிற பள்ளத்தின் மேல்மூடி பத்துப் பதினைந்தைத் தூக்கி ஓரமாக அடுக்கியிருக்கிறார்கள், அடுக்கின ஒழுங்கைப் பார்த்தால் அவசரமே பட்டதாகத் தெரியவில்லை. கேபிளின் கருப்புத் தோல் மட்டும் பாம்புச் சட்டை மாதிரி உரித்துக் கிடந்தது. பக்கத்தில் பீடித் துண்டு, ஒரு ஹேக்ஸா பிளேடு, இரண்டு பரோட்டா பார்சல் கவர். வாட்ச்மேன் அந்தப் பரோட்டா கவரையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்தப் பக்கம் ராத்திரியில் போகமாட்டார் என்பது ஊருக்கே தெரியும் போல.

போலீசில் மில் தரப்பில் புகார் கொடுத்தார்கள். கேமரா பதிவு கேட்டார்கள். எங்கள் ரெக்கார்டரில் ஏழு நாள்தான் நிற்கும், மூன்று சம்பவமும் அதற்கு முந்தினது, அழிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகள் மட்டும். அதைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மாமா மகள் அந்த உருவத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டுப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறியும் போட்டிருந்தாள். எஸ்ஐ ரொம்ப நேரம் பார்த்தார். "திருடனை இவ்வளவு சரியா வட்டம் போட்டுக் காட்டியிருக்கீங்க, அன்னைக்கே ஏன் போன் பண்ணலை?" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு என்ன செய்தோம் என்று நேற்று குரூப்பை மேலே தள்ளிப் பார்த்தேன். ராத்திரி 2.47க்கு முதல் படம். 2.49க்குச் சித்தி ஓம் நமசிவாய. அதற்குப் பின் கும்பிடு கை மட்டும் இருபத்து மூன்று. அத்தை பூஜையறையில் சூடம் ஏற்றி அதைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறார், மணி 3.02. அந்த நேரத்தில் ஒருவர் நூறுக்குப் போன் செய்திருந்தால் பஸ்பாரோடு பிடித்திருக்கலாம்.


சிசிடிவி சித்தன்:

குடோனுக்குள் கை வைக்காமல் போனார்களே, அதைச் சொல்லுங்கள். மாமாவுக்கு அடித்தது அதிர்ஷ்டம்தான்.

இப்போது செய்ய வேண்டியது. டிஎன்ஆரை லோவில் வையுங்கள், படம் கொஞ்சம் புள்ளியாக இருக்கும், பரவாயில்லை, மூஞ்சி கெட்டியாக விழும். ஷட்டரை ஆட்டோவில் விடாமல் 1/25ல் நிறுத்துங்கள். அந்தத் தனி லைட் நிரந்தரமாக இருக்கட்டும், உருண்டை இல்லாவிட்டால் பொய் அலர்ட்டும் இருக்காது, அப்போது தைரியமாக அலர்ட்டை ஆன் செய்யலாம். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் அலர்ட் தருகிற வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதையே போடுங்கள். ஹார்ட் டிஸ்க் பெரிதாக மாற்றி முப்பது நாள் நிற்கிற மாதிரி வையுங்கள்.

முக்கியமாகப் பாஸ்வேர்டு. பதினான்கு பேரிடம் இருக்கிறது என்றால் அது பாஸ்வேர்டே இல்லை, ஊர்க் கிணறு. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டையே வைத்திருந்தால் இன்னும் மோசம். 2016ல் மிராய் என்று வைரஸ் மாதிரி ஒரு புரோகிராம் கிளம்பி, இப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களாகப் பார்த்துப் புகுந்து இணையத்தையே ஒருநாள் திணறடித்தது. மாற்றிவிட்டு மாமாவுக்கும் உங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சித்திக்கு வேண்டுமானால் டைன்கரை சொன்ன அந்த நூலகத்தைக் காட்டுங்கள்.


ஈரோட்டம்மிணி:

சூடம் ஏற்றிய அத்தையைக் குறை சொல்லாதீர்கள். அவர் ஒருத்தர்தான் அன்றைக்கு எழுந்து ஏதாவது செய்திருக்கிறார்.


சூலூர்க்காரன்:

பாஸ்வேர்டு மாற்றியாயிற்று, குடும்பத்தில் பாதிப் பேர் பேசுவதில்லை. பேனல் ரூம் கதவுக்கு ஓனர் தரப்பில் இரும்புத் தட்டி போடுகிறார்கள். நேற்று ராத்திரி ஒரே ஒரு அலர்ட். திறந்து பார்த்தால் ஏழாவது பிரேம் மேல் வெள்ளை மூஞ்சியோடு ஒன்று உட்கார்ந்து நேராகக் கேமராவையே பார்க்கிறது, கண் இரண்டும் எரிகிறது. இரண்டு நொடி உயிரே போய்விட்டது. அப்புறம்தான் தலையை அப்படியே பின்பக்கம் திருப்பியது.


முழுநைட்டு:

கூகைதான். விரட்டாதீர்கள் தம்பி, குடோனில் எலிக்குத் தனியாக மருந்து வாங்க வேண்டியதில்லை.